நகல் ஊருக்கெல்லாம், மூலம் என்னிடம்

நான் எழுதுவது எதுவானாலும் முதலில் என் தளத்தில்தான் வெளிவரும். ஃபேஸ்புக், எக்ஸ், அதைப் போன்ற புளூஸ்கை, மாஸ்டடான், வாட்ஸ்அப் எல்லாம் அதற்கப்புறம்தான். கோவைப் பக்கத்து ஊர்க்கதை, ரயில் பயணம், படித்த புத்தகம் என்று கலந்துகட்டி எழுதுகிற சின்னத் தளம். பெரிய கூட்டமெல்லாம் கிடையாது. "ஃபேஸ்புக்லயே நேரா எழுதிட்டுப் போலாமே, எதுக்கு இந்த ரெட்டை வேலை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஆனால் இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து நாம் எத்தனை இடம் பெயர்ந்திருக்கிறோம் என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். ராயர் காப்பி கிளப், மரத்தடி என்று யாஹூ குழுமங்களில் கதையும் கவிதையும் சண்டையுமாக ஓடிய மடல்கள் ஏராளம். யாஹூ அந்தச் சேவையையே 2020 டிசம்பரில் மொத்தமாக மூடிவிட்டது. 2004இல், பலருடைய புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்த பிறகு வலைப்பதிவுகளின் காலம். பதிவு போட்டவுடன் திரட்டியில் சேர்ப்பதும், யார் முதல் பின்னூட்டம் போட்டார்கள் என்று பார்ப்பதும் அன்றாடச் சடங்கு. அப்புறம் கூகுள் பஸ், கூகுள் பிளஸ் என்று கூகுளின் சமூக வலைத்தளங்கள். பிளஸ்ஸில் தமிழ்க் கூட்டம் ஒன்று நன்றாகவே செட்டில் ஆகியிருந்தது. 2019 ஏப்ரல் 2 அன்று அதற்கும் பூட்டு.

இவற்றில் மிக விசித்திரமானது கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்ஸ்பாட்டுக்கு நடந்தது. 2012இல் கூகுள் ஒரு மாற்றம் செய்தது: இந்தியாவிலிருந்து பிளாக்ஸ்பாட் பதிவைத் திறந்தால் முகவரியில் டாட் காம் என்பது டாட் இன் என்று தானாக மாறிவிடும். ஒரு நாட்டு அரசு ஒரு பதிவை நீக்கச் சொன்னால் அந்த நாட்டில் மட்டும் நீக்கிக்கொள்ள வசதியாக அப்படிச் செய்தார்கள். நாம் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. உலாவியில் தெரிந்த முகவரியை அப்படியே நகலெடுத்து மற்ற பதிவுகளில் இணைப்புக் கொடுத்தோம், மின்னஞ்சலில் அனுப்பினோம், விக்கிப்பீடியாவில்கூட மேற்கோளாக வைத்தோம். 2018இல் கூகுள் அந்தத் திருப்பிவிடும் வேலையை நிறுத்தியது. 2020இல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற பெயரே கூகுளின் கையைவிட்டுப் போய், வேறு யாரோ அதைப் பதிவு செய்துகொண்டார்கள். பதிவுகள் டாட் காமில் பத்திரமாகவே இருந்தன. செத்தது அந்த டாட் இன் இணைப்புகள் மட்டும். கூகுளே தன் பெயரைக் கோட்டைவிடும் என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

டிக்டாக் கதை இன்னும் கொடுமை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விதித்த தடையால் சில நாட்கள் அது செயலிக் கடைகளிலிருந்து காணாமல் போனது, பிறகு திரும்பியது. அதையே எச்சரிக்கையாக எடுத்திருக்கலாம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. நம்மூர் ஆட்கள் ஆயிரக்கணக்கில் அதில் ஆடிப்பாடிப் பின்தொடர்பவர்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். வீடியோ கைபேசியில் இருந்தால் இருந்தது, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டார்கள். அவர்களிடம் "இனிமேல் இங்கே வாருங்கள்" என்று சொல்லக்கூட வழியில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் ஒப்புமை சொந்த வீடு, வாடகை வீடு. எனக்கு அது ஒத்துவருவதில்லை. டொமைனும், அதாவது தளத்தின் முகவரிப் பெயரும், ஆண்டுக்கு ஆண்டு பணம் கட்டும் வாடகைதான், கட்டாவிட்டால் காலி. ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டொமைன் என்பது பெயர்ப்பலகை மட்டும். அதன் பின்னால் இருக்கும் கட்டடத்தை நான் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிளாக்ஸ்பாட்டிலேயே எழுதிக்கொண்டு சொந்த முகவரி வைத்துக்கொள்ளலாம், கூகுள் அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. நாளைக்கு வேர்ட்பிரஸ் என்ற தளமென்பொருளுக்கு மாறலாம். ஹியூகோ, ஜெக்கில் போன்ற கருவிகளால் வெறும் பக்கங்களாகச் செய்து கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். பக்க முகவரிகளை மட்டும் அப்படியே காப்பாற்றிவிட்டால் வாசகருக்கு எதுவும் தெரியாது. டாட் காம் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும். முதல் ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் என்று விளம்பரம் வரும், மயங்க வேண்டாம். புதுப்பிக்கும்போதுதான் உண்மை விலை தெரியும்.

இந்த முகவரி விஷயத்தில் தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. பதிவின் தலைப்பைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே பக்க முகவரியாகவும் ஆக்கிவிடும். உலாவியின் மேல்பட்டையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாகத் திரை முழுக்க ஓடும். காரணம் இதுதான்: கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் 'தி' என்பது 'த' ஒன்று, கொக்கி ஒன்று என்று இரண்டு குறிகள். ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் (கணினியின் சேமிப்பு அலகு). முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரிகிறது. ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. 'வலைப்பதிவு' என்ற ஒரே சொல் 90 எழுத்து.

அதோடு போகாது. வேர்ட்பிரஸ் பக்க முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. 'மேட்டுப்பாளையம் ரயில் நிலையம்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'மேட்டுப்பாளையம்-ரயில்-நி' என்று முட்டி நின்றுவிடும். ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியமே அந்த இடத்தில் உட்காரும், நமக்கு இரண்டரைச் சொல். ஆகவே நான் பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று சொல்லில் கையால் வைக்கிறேன். தமிழ்த் தளத்துக்குத் தமிழ் முகவரி இல்லையா என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். தமிழ் முகவரி எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நீள வாலைப் பார்த்து, ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்து அழுத்தாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பதற்குத் தமிழ், வழி கேட்பதற்கு ஆங்கில எழுத்து என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சரி, பகிர்வதற்கு வருவோம். முதலில் சொந்தத் தளத்தில் வெளியிடு, பிறகு மற்ற இடங்களுக்கு நகல் அனுப்பு என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 2011இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கூடிய இண்டிவெப் (சொந்தத் தளமே முதன்மை என்னும் இயக்கம்) ஆட்கள், டான்டெக் செலிக், ஆரன் பரெக்கி போன்றவர்கள், இதை ஒரு கொள்கையாகவே வளர்த்தார்கள். அவர்களுடைய ஆசை, தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா இடத்துக்கும் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்பது. கொஞ்ச காலம் அது உண்மையிலேயே வேலை செய்தது. 2018 ஆகஸ்டு 1 முதல் ஃபேஸ்புக், தனிநபர் கணக்குகளில் வெளிச் செயலிகள் தானாகப் பதிவதை நிறுத்தியது. அமைப்புகளும் பிரபலங்களும் வைக்கும் ஃபேஸ்புக் 'பேஜ்'களுக்கு மட்டும் அனுமதி. 2023இல் ட்விட்டர் (இப்போதைய எக்ஸ்), வெளிச் செயலிகள் நுழையும் நிரல்வழிக் கதவுக்குக் கட்டணம் கேட்டது, வேர்ட்பிரஸின் ஜெட்பேக் என்ற செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) அந்த ஆண்டே ட்விட்டருக்குத் தானாகப் பகிர்வதைக் கைவிட்டது. மாஸ்டடான், புளூஸ்கை இரண்டும் இன்னும் திறந்து வைத்திருக்கின்றன. வேர்ட்பிரஸுக்கு ஆக்டிவிட்டிபப் செருகுநிரலைப் போட்டால் தளத்தையே மாஸ்டடானிலிருந்து பின்தொடரலாம், அது நன்றாகவே ஓடுகிறது.

தானியங்கி போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஒரே வாசகம் ஐந்து இடத்தில் ஒரே நிமிடத்தில் விழுந்தால் அது பகிர்வு மாதிரி இருக்காது, நோட்டீஸ் மாதிரி இருக்கும். ஃபேஸ்புக்கில் நம் ஆட்கள் நீளமாகப் படிப்பார்கள். அங்கே கட்டுரையின் ஒரு முழுப் பகுதியையே, தன்னளவில் நிறைவாக நிற்கும் பகுதியாகப் பார்த்துப் போடுகிறேன். 'மேலும் படிக்க' என்று பாதியில் தொங்கவிட்டால் கோபம்தான் வரும். இணைப்பை முதல் கமென்ட்டில் வைப்பது இப்போது ஊர் வழக்கமாகிவிட்டது. வெளி இணைப்பு வைத்த பதிவை ஃபேஸ்புக் அமுக்குகிறது என்று எல்லோரும் நம்புகிறோம். பிள்ளையார் சுழி மாதிரி நானும் போட்டு வைக்கிறேன்.

எக்ஸில் கதை வேறு. அங்கே இலவசக் கணக்குக்கு 280 எழுத்து என்பார்கள், ஆனால் அது எண்ணுவது யூனிகோடு குறிகளை. 'பக்கம்' என்பது நமக்கு நான்கு எழுத்து, எக்ஸுக்கு ஆறு. 'சொற்பொழிவு' நமக்கு ஐந்து, அதற்குப் பத்து. புளூஸ்கை 300 என்று சொன்னால் நாம் எண்ணுகிற மாதிரியே எழுத்தாக எண்ணுகிறது. பெயரளவில் 20தான் அதிகம், தமிழுக்குக் கிடைக்கும் இடமோ ஏறக்குறைய இரண்டு மடங்கை நெருங்கும். தமிழில் எழுதுபவர் ஒருவர்கூட இதைப் பாராட்டி நான் பார்த்ததில்லை, அதனால் இங்கே பாராட்டி வைக்கிறேன். ஆனால் அதே புளூஸ்கையில் நிரல் எழுதிப் பகிர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பதிவுக்குள் இணைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எழுத்துக் கணக்கில் சொல்லக் கூடாது, பைட் கணக்கில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகவே வருவதால் யாருக்கும் தெரிவதில்லை. தமிழில் எழுத்துக் கணக்கைக் கொடுத்தால் நீலக்கோடு சம்பந்தமில்லாத ஏதோ ஒரு சொல்லின் மேல் போய் உட்காரும்.

எக்ஸை நம்பி எதையும் செய்வதில்லை என்பதற்கு வேறு காரணமும் உண்டு. 2022 டிசம்பர் 18 அன்று, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், மாஸ்டடான் கணக்குகளுக்கு இணைப்புக் கொடுத்து ஆள் சேர்க்கக் கூடாது என்று ட்விட்டர் திடீரென்று விதி போட்டது. எதிர்ப்பு வந்ததும் மறுநாளே அந்த விதியைக் காணோம். 2023 அக்டோபரில் இணைப்புகளின் தலைப்பை எடுத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் காட்டியது, பிறகு சின்ன எழுத்தில் தலைப்பு திரும்பி வந்தது. இன்ஸ்டாகிராம் இந்த விஷயத்தில் நேர்மை, படத்தின் கீழே எழுதும் இணைப்பு எப்போதுமே வேலை செய்யாது. அதனால் அங்கே நான் படம் மட்டும்தான் போடுகிறேன்.

வாட்ஸ்அப்தான் உண்மையான சவால். என் வாசகர்களில் பாதிப் பேருக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்பது என் அனுமானம். அங்கே இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, இணைப்பைப் பகிர்வார்கள். இன்னொன்று, இணைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு எழுத்தை மட்டும் நகலெடுத்து, மேலே 'படித்ததில் பிடித்தது' என்று போட்டுச் சுற்றுக்கு விடுவார்கள். எழுதியவன் பெயர் எந்தக் குழுவில் உதிர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. என் கட்டுரையே எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அனுப்பியவர் "நீங்களும் இப்படி எழுதலாமே" என்று வேறு சொல்லியிருந்தார்.

பெயர் போனது பரவாயில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஊட்டி மலை ரயில் பற்றி எழுதினால் அதில் நேரம், கட்டணம், முன்பதிவு முறை எல்லாம் வரும். அவை மாறும்போது தளத்தில் திருத்திவிடலாம், எப்போது திருத்தினேன் என்று கீழே ஒரு வரியும் போடலாம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற நகலில் பழைய கட்டணம் அப்படியே இருக்கும். யாரோ ஒரு குடும்பம் அதை நம்பி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நிலையத்தில் வந்து நிற்கும். அதனால் இப்போது அப்படிப்பட்ட தகவல் இருக்கும் பத்தியிலேயே 'இப்போதைய கட்டணத்துக்கு' என்று தளத்தின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். பத்தியை நகலெடுத்தால் முகவரியும் கூடவே போகும். நீக்குவதற்கும் கொஞ்சம் சோம்பல் வருமல்லவா, அந்தச் சோம்பலை நம்பித்தான்.

வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பார்த்து ஒருவர் அழுத்துவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது அதன் மேல் வரும் சின்னப் பெட்டி: படம், தலைப்பு, இரண்டு வரி விளக்கம். ஃபேஸ்புக் 2010இல் கொண்டுவந்த, பக்கத்தின் நிரலுக்குள் எழுதி வைக்கும் ஓப்பன் கிராஃப் குறிப்புகளை எல்லாரும் அதற்காகப் பயன்படுத்துகிறார்கள். படத்தை 1200க்கு 630 என்ற அளவில் வைத்தால் பெரும்பாலான இடங்களில் சரியாக வரும். பதிவின் தலைப்பைப் படத்தின் மேல் தானாக எழுதித் தரும் கருவிகள் நிறைய உண்டு. ஆங்கிலத்துக்கு ஜோராக இருக்கும். தமிழைக் கொடுத்தால் பல கருவிகளில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாகிவிடும். எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற பகுதி அவற்றில் இல்லாததுதான் காரணம். உலாவி வழியாகப் படமெடுக்கும் கருவி என்றால் இந்தச் சிக்கல் வராது. விளக்க வரியையும் தானாக வெட்ட விடாமல் நானே எழுதுகிறேன். இயந்திரம் வெட்டினால் சில சமயம் கடைசி எழுத்தின் புள்ளியை மட்டும் தின்றுவிடும். 'தமிழ்' என்பது 'தமிழ' என்று நிற்கும்.

இவ்வளவு செய்தும் உரையாடல் தளத்துக்கு வருவதில்லை. பதிவர் காலத்துப் பின்னூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் வலிக்கும். வெளியில் நடக்கும் பேச்சைத் தளத்துக்கே திருப்பிக் கொண்டுவர வெப்மென்ஷன் என்ற முறை 2017இல் வெப் தரநிலையாகவே அங்கீகரிக்கப்பட்டது. நல்ல யோசனை. ஆனால் என் வாசகர்கள் பேசுவது ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் தனிச் செய்தியிலும், அங்கெல்லாம் அது எட்டாது. நான் செய்வது பழைய வழி. யாராவது ஒரு நல்ல தகவலைச் சொன்னால், "இதைக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளட்டுங்களா, பெயர் போடலாமுங்களா" என்று கேட்டுச் சேர்த்துவிடுகிறேன். சில கட்டுரைகளில் நான் எழுதியதைவிட அடியில் சேர்ந்த இந்தக் குறிப்புகள் சுவையாகிவிட்டன. ஃபேஸ்புக்கில் மூன்று நாளில் கீழே போய்விடும் பேச்சு அங்கே நிற்கிறது.

புதுப் பதிவுகளை வாசகரின் வாசிப்புச் செயலிக்கே நேராகக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடையையும் விடாமல் வைத்திருக்கிறேன், முழுக் கட்டுரையும் அதில் வரும். அந்த ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று மூடியபோது ஆர்எஸ்எஸ் செத்துவிட்டது என்றார்கள். பாட்காஸ்ட் எல்லாம் இன்றும் அதன் மேல்தான் ஓடுகிறது. ஃபீட்லி போன்ற ஓடை வாசிப்பானில் படிப்பவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் கேரளமோ ஜப்பானோ எங்கிருந்தாலும் ஒரு பதிவையும் விடாமல் படிப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் எந்த அல்காரிதமும் இல்லை.

இத்தனை சொன்ன பிறகு, என் கட்சிக்கு எதிரான ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நான் விரும்பிப் படித்த பதிவர்கள் சிலர் இன்று இல்லை. பிளாக்ஸ்பாட்டில் இலவசமாக எழுதியவர்களின் பக்கங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன, கடைசிப் பதிவின் கீழே அஞ்சலிப் பின்னூட்டங்களோடு. சொந்த டொமைன் வாங்கி வைத்திருந்தவர்களின் தளங்கள்தான் காணோம். டாட் காம் பெயர் காலாவதியானால் சில வாரங்கள் சாதாரணக் கட்டணத்தில் மீட்கலாம், அப்புறம் 30 நாள் அபராதத்தோடு, அதன் பிறகு 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய இணைப்புகள் நிறைய உள்ள பெயர் என்றால் எடுக்க ஆள் காத்திருக்கும். அப்படி ஒரு கவிஞரின் முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போனதாகப் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. அதில் இப்படிப் போனவையும் இருக்கும்.

அதனால் சொந்தத் தளம் மட்டும் போதாது. புதுக் கட்டுரை போட்டதும் வலைப்பக்கங்களைப் படியெடுத்துக் காக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுகிறேன், அரை நிமிட வேலை. மற்றவர்களும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கட்டுரைகளைக் கொடுத்தால் மின்னூலாக்கி வெளியிட, 2013இலிருந்து இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் இருக்கிறது. ரயில் கட்டுரைகளைத் தொகுத்து அவர்களுக்கு அனுப்பும் எண்ணம் உண்டு.

டொமைனைப் பொறுத்தவரை, டாட் காம் பெயரை அதிகபட்சம் 10 ஆண்டுக்கு முன்கூட்டியே கட்டி வைக்கலாம். கையில் கொஞ்சம் பணம் இருந்த சமயத்தில் அதைச் செய்துவிட்டேன். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி எல்ஐசி பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைத்து, மகளிடமும் சொன்னேன். "இதை வெச்சுட்டு நான் என்னப்பா பண்றது?" என்றாள். பணம் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வரும், கட்டினால் போதும், எதையும் எழுத வேண்டாம் என்றேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். சொன்னதும், "ஒரு பீட்சா காசு" என்று ஒத்துக்கொண்டாள்.